கேட்டை மறித்த கூட்ஸும் மூக்கில் ஏறிய பட்டாணியும்

ஜெசிந்தாவின் மகன் ஆல்வின், வயது இரண்டரை, சுண்டலுக்கு எடுத்து வைத்திருந்த பட்டாணியில் ஒன்றை மூக்கில் ஏற்றிக்கொண்டான். அன்றைக்கென்று பார்த்துத் துறைமுகத்திலிருந்து வந்த கூட்ஸ் வண்டி, உப்பளத்து ரயில்வே கேட்டின் குறுக்கே பாதி போய், மீதி போக மனமில்லாமல் நின்றுவிட்டது. பிள்ளைகள் டாக்டர் இருப்பது கேட்டுக்கு அந்தப் பக்கம். ஜெசிந்தா ஏறிவந்த ஆட்டோ இந்தப் பக்கம்.

பிள்ளைக்கு ஒரு கவலையும் இல்லை. பிஸ்கட் கேட்டான். அவளுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. கிளம்புமுன் செல்போனில் தேடிப் பார்த்துத் தொலைத்திருந்தாள். காய்ந்த பட்டாணி ஈரத்தில் ஊறும், ஊறினால் பருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குக் கீழே இன்னொருவர் மூச்சுக்குழாய் வரைக்கும் போய்விட்டார். ஜெசிந்தா பிள்ளையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி, பட்டாணி பருத்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சைக்கிள்காரர்கள் சிலர் வேகனுக்கடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளும் குனிந்து, நடுவழியில் வண்டி ஒரு இழுப்பு இழுத்தால்?

"இது எப்ப நகரும்ணே?" என்று ஆட்டோக்கார இசக்கியிடம் கேட்டாள்.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. கேட் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த நயினார் தொண்டையைச் செருமினார். கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டைச் சாத்தினால் எழுந்து போகமுடியாத ஆட்கள் கிடைப்பார்கள் என்பதால் தினமும் அங்கே ஆஜராகிவிடுவார்.

"நகரும் தாயி. என்கிட்டல்லா கேக்கணும்? இந்த லயன்ல நான் ஓட்டாத கூட்ஸ் உண்டா?"

"கார்டு எங்க அண்ணாச்சி வண்டி ஓட்டுனாரு?" என்றான் இசக்கி. "கடைசிப் பெட்டியில நின்னுக்கிட்டு நீங்க கொடியல்லா ஆட்டுனிய?"

"ஏலே, கொடிய எவன் ஆட்டுதானோ அவன்தாம்ல ஓட்டுதான். மந்திரி வந்து ஆட்டுனா மட்டும் 'ரயில் விட்டாரு'ன்னு பேப்பர்ல போடுதானா இல்லையா?"

இசக்கிக்கு வாய் அடைத்தது. நயினாருக்குத் திறந்துகொண்டது. எதிரே நின்றது மேல்மூடி இல்லாத வேகன். விளிம்பு வரைக்கும் நிலக்கரி.

"இதெல்லாம் ஒரு கரியா? நான் கொண்டு போனேன் பாரு, அது கரி. அவ்வளவு கருப்பு. பட்டப்பகல்ல வண்டி ஊருக்குள்ள நுழைஞ்சா ஊரே இருட்டிரும். கோழி போய்க் கூட்டுல அடையும். பள்ளிக்கூடத்துல பிள்ளைய எல்லாம் பாயத் தேடும். பஞ்சாயத்துல தெருவிளக்க எரிய விட்டாம்னா பாத்துக்கயேன்."

"அண்ணாச்சி, கோழிய நம்புதேன். பள்ளிக்கூடத்தையும் நம்புதேன். தெருவிளக்கு எரிஞ்சுதுன்னு சொன்னிய பாருங்க, அதைத்தான் நம்ப முடியல."

அப்போது கூட்ஸ் வண்டி தடதடவென்று ஒரு இழுப்பு இழுத்தது. கேட்டில் காத்திருந்த அத்தனை வண்டிகளும் கிளம்பப் பார்த்து உறுமின. ஜெசிந்தா "மாதாவே!" என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். ஒரு வேகன் நீளம் நகர்ந்து மறுபடி நின்றது. நிலக்கரி போய் எண்ணெய் டேங்கர் வந்திருந்தது. உறுமின வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக அடங்கின.

"ஆங், டேங்கர்!" என்றார் நயினார், வேண்டிய ஆள் வந்து சேர்ந்தாற்போல. "பாமாயில் ஏத்திட்டு வாறேன். ஒரே ஒரு சொட்டு தண்டவாளத்துல ஒழுகிட்டு. அவ்வளவுதான், வழுக்க ஆரம்பிச்சுது பாரு! கொக்கி கழண்டு, டேங்கர் எல்லாம் இன்ஜினைத் தாண்டி மெட்ராஸ் போய்ச் சேந்துட்டு."

"ஒரே தண்டவாளத்துல எப்படித் தாண்டும்?"

"இன்ஜின் மரியாதை தெரிஞ்சது. ஒதுங்கி வழி விட்டுட்டு. மூணாம் நாள் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேந்துது. டீசல் மிச்சம்னு மேலதிகாரிக்கு மெடல் குடுத்தாங்க."

"உங்களுக்கு?"

"மெமோ. தன்னால போற வண்டிக்குக் கார்டு எதுக்குன்னு கேட்டு."

ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, கொஞ்சம் சும்மா இருங்களேன். பிள்ளை மூக்கில பட்டாணி போயிருக்கு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

நயினார் எழுந்தே விட்டார். பிள்ளையின் மூக்கைக் குனிந்து பார்த்தபோது அவர் முகத்தில் கொஞ்சநேரம் புளுகே இல்லை. "பயப்படாத தாயி. கேட்காரன்ட்ட நான் போய்ச் சொல்லுதேன்." போனார், வந்தார். "சிக்னல் கிடைக்கலங்கான். அவன் என்ன செய்வான் பாவம்." அப்புறம் பழக்கதோஷம் விடவில்லை. "பட்டாணிதான? எத்தனை வேகன் பட்டாணி இறக்கியிருக்கேன்!"

இன்னொரு இழுப்பு. இன்னொரு உறுமல். இந்த முறை பக்கச்சுவரே இல்லாத தட்டு வேகன். அதன் மேல் நீளமாக ஒரு காற்றாலை இறக்கை.

ஆல்வின் "ஃபேன்! ஃபேன்!" என்று கத்தினான்.

"கெட்டிக்காரப் பய! நான் மூணு இறக்கை ஏத்திட்டுப் போனேண்டே. ஆரல்வாய்மொழிக் கணவாயில ஆடிக்காத்து அடிச்சுது. இறக்கை சுத்திச்சு. கூட்ஸ் அப்படியே மேல கிளம்பிட்டு! கீழ பாத்தா ஆறு, குளம், பனமரம். ஒரு நிறுத்தம் கிடையாது. அப்பதான் தெரிஞ்சுது, சிக்னல் இல்லாத இடம் ஆகாசம் ஒண்ணுதான்னு."

"பெறவு ஏன் இறங்குனிய?"

"அங்கேயும் ஒரு கேட் கட்டிருவானோன்னு பயந்துதான்."

பிள்ளை கிளுகிளுவென்று சிரித்தான். ஜெசிந்தாவுக்கு அவன் சிரித்தாலும் பயம். சிரிக்கிற வேகத்தில் பட்டாணி இன்னும் உள்ளே போய்விட்டால்?

அடுத்த இழுப்பில் நாலு பக்கமும் இரும்புத் தகடு அடைத்த, கதவில் சீல் வைத்த பெட்டி வேகன் வந்து நின்றது. நயினார் அதை ஒரு தட்டுத் தட்டினார்.

"இதுலதான் குண்டூர் மிளகா வத்தல் வந்துது. நாப்பது வேகன். கதவத் திறந்தோம் பாரு, நெடி! வாயத் திறந்தா குடல் வெந்துரும். நான், டிரைவர், ஸ்டேஷன் மாஸ்டர் மூணு பேரும் வாயப் பொத்திக்கிட்டோம். தும்மல் எங்க போகும்? எல்லாம் மூக்கு வழியா..."

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். கண்ணை உருட்டினார். உடம்பைப் பின்னுக்கு இழுத்து மூக்கால் ஒரு தும்மல் தும்மிக் காட்டினார். பக்கத்து மோட்டார் சைக்கிளில் இருந்தவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

"அந்த ஒரு தும்மல்ல நாப்பது வேகனும் திரும்பி குண்டூருக்கே போயிட்டு!"

ஆல்வினுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அவனும் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். கண்ணை உருட்டினான். மூக்கால் 'புர்ர்ச்' என்றான்.

பட்டாணி பறந்து போய் இசக்கியின் காக்கிச் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

ஜெசிந்தா அதை விரலில் எடுத்துப் பார்த்தாள். பருக்கவுமில்லை, ஒன்றுமில்லை. ஆட்டோ படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. எதற்கும் டாக்டர் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் இப்போது கேட் எப்போது திறந்தாலும் பரவாயில்லை.

பின்னால் மினிபஸ் வந்து நின்றது. இறங்கினவர்கள் என்ன கூட்டம் என்று கேட்டார்கள். நயினாருக்குக் கேட்க வேண்டுமா?

"இந்தப் பயல் மூக்குல ஒரு தேங்கா அடைச்சுக்கிட்டு. முழுத் தேங்கா, மட்டையோட. நான்தான் எடுத்து விட்டேன்."

"அண்ணாச்சி, வாய் கூசலையா?" இசக்கி துள்ளினான். "பட்டாணி! என் சட்டையில வந்து விழுந்துது! இந்தம்மா 'மாதாவே'ன்னு கூப்பிடுத பிள்ளை, பொய் சொல்லாது. ஏம்மா, நீயே சொல்லு. அது தேங்காயா?"

எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஜெபம் சொல்கிற முகத்தோடு சொன்னாள்:

"தேங்காய் இல்லண்ணே."

"பாத்தியளா!" என்றான் இசக்கி.

"தேங்காய் ஏத்துன வேகன். நாப்பதும் வெளிய வந்துட்டு. இன்ஜின் மட்டும் இன்னும் உள்ளதான் நிக்குது. சிக்னல் கிடைக்கலையாம்."

நயினார் அவளை மேலும் கீழும் பார்த்தார். கல்லில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"தாயி, நீ ரயில்வேல எந்த டிவிஷன்ல வேலை பாத்த?"