பொதியன் காத்த குஞ்சு

வாயுள்ள உயிரெல்லாம் பேசிப் பழகிய அந்தக் காலத்தில், ஓர் ஏரிக்கரைச் சேற்றில் பொதியன் என்றொரு தவளை இருந்தான். தவளை என்றதும் உள்ளங்கையில் அடங்குவதை நினைத்துவிடாதீர்கள். பெரிய பானையைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருப்பான். எதிரே எது அசைந்தாலும் அவன் நாக்கு பாய்ந்துவிடும். அதனால் குஞ்சு திருடும் சின்ன டைனோசர்கள் அந்தக் கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

அந்தக் கோடையில் ஏரி வற்றியது. நெடியாள் என்ற நீள்கழுத்து டைனோசர் தன் குஞ்சோடு வந்து நின்றாள். இட்ட ஒன்பது முட்டைகளில் திருடர்களுக்குத் தப்பியது அது ஒன்றுதான்.

“அண்ணே, மலைக்கு அந்தப் பக்கம் தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன். இவ அவ்வளவு தூரம் நடக்க மாட்டா. உங்ககிட்ட விட்டா ஒரு பயலும் கிட்ட வரமாட்டான்.”

பொதியன் தயங்கினான். “என் மனசை நம்பலாம் தாயி. நாக்கை நம்பாதே. அது என்னைக் கேட்டுக்கிட்டு நீள்றதில்ல.”

“அசையாம இருந்தா?”

“அசையாம இருந்தா ஒண்ணுமில்ல. நானும் முதுகைக் காட்டியே உக்காந்துக்கறேன்.”

வேறு வழியில்லை. அசையவே கூடாது என்று குஞ்சிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு அவள் போனாள்.

இரண்டு நாள் குஞ்சு கிடந்த இடத்திலேயே கிடந்தது. பேச்சு மட்டும் ஓயவில்லை.

“மாமா, அம்மா இப்ப எங்க வருவா?”

“பாதி வழி வந்திருப்பாம்மா.”

யாரும் அண்டாமல் வாழ்ந்த பொதியனுக்கு அந்தப் பேச்சு தேனாக இனித்தது. மூன்றாம் நாள் குஞ்சு கேட்டது: “மாமா, உங்க மூஞ்சியே மறந்துபோச்சு. கொஞ்சம் திரும்புங்களேன்.”

அவன் முகத்தைக் காட்டச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. ஆசையாகத் திரும்பினான்.

அந்த நேரம் பார்த்து மேட்டின் மேல் நெடியாளின் கழுத்து தெரிந்தது. “அம்மா!” என்று குஞ்சு துள்ளி எழுந்தது.

நாக்கு பாய்ந்தது. பொதியன் வாயைத் திறக்கப் பார்த்தான். அதற்குள் தொண்டை இழுத்துக்கொண்டுவிட்டது.

நெடியாள் அவனை மிதித்தே கொன்றிருக்கலாம். தூக்கிய காலைக் கீழே வைத்தாள். “அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டேவா முழுங்கின?” என்று மட்டும் கேட்டாள்.

“பாத்துக்கிட்டேதான் தாயி.” பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அவள் வந்த வழியே திரும்பிப் போனாள். குற்றம் பாய்ந்த நாக்குடையதா, ஆசைப்பட்டுத் திரும்பியவனுடையதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பொதியன் பல நாள் பட்டினி கிடந்தான். ஆனால் பிறவிக் குணம் விடுமா? ஒரு தும்பி எதிரே பறந்ததும் நாக்கு தானாகப் பாய்ந்தது. வாய்க்குள் அது துடித்தபோது, அவனால் முடிந்தது ஒன்றுதான். கண்களை இறுக மூடிக்கொண்டான்.

அந்த டைனோசர்கள் இன்று இல்லை. தவளைகளும் சிறுத்துப்போயின. ஆனாலும் ஓர் ஈயை விழுங்கும்போதுகூடத் தவளை கண்ணை மூடிக்கொள்வது அன்று முதல்தான்.