உயிரோடு இருப்பதற்குச் சான்று

மலையேரிப் படகுத்துறையில் ஒரு மேனேஜர் இருந்தார். இலவசச் சீட்டு கொடுப்பதைத் தன் சொத்தை எழுதிக் கொடுப்பதாகவே நினைப்பவர். அவர் முன்னால் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற வரதன், ஒரு காலும் ஒரு ஊன்றுகோலுமாக வந்து நின்றார். பக்கத்தில் மனைவி பூங்காவனம். படகில் கூட்டிப் போகிறேன் என்று கல்யாணமான புதிதில் அவளுக்கு அவர் சொன்ன வாக்கு இன்னும் பாக்கி.

'முன்னாள் படைவீரருக்கும் மனைவிக்கும் இலவசம். வீரர் இறந்திருந்தால் மனைவிக்கு இலவசம்' என்றது பலகை. வரதன் தன் முன்னாள் படைவீரர் அட்டையை நீட்டினார்.

"இது போதாது. பென்ஷனுக்கு வருஷா வருஷம் குடுப்பீங்களே, உயிரோட இருக்கீங்கன்னு ஒரு சான்று, அதைக் கொண்டாங்க."

"அது இல்லீங்களே. அப்போ நான் செத்துட்டேன்னே வெச்சுக்குங்க சார். இவளுக்கு மட்டும் சீட்டு குடுங்க."

"வாயைக் கழுவுங்க," என்று பூங்காவனம் அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணு முன்னாடி உயிரோட நின்னுக்கிட்டு, செத்துட்டேங்கறீங்களே?"

"இதையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். நீங்க கேட்ட சான்று அதுதான்."

வரிசை மொத்தமும் சிரித்தது. மேனேஜர் இரண்டு சீட்டைக் கிழித்தார்.

படகு நடு ஏரிக்குப் போன பிறகும் பூங்காவனம் தண்ணீரைப் பார்க்கவில்லை. அவர் மணிக்கட்டில் நாடி பிடித்தபடியே இருந்தாள்.

"விளையாட்டுக்குத்தானே சொன்னேன்," என்றார் வரதன்.

"இருக்கட்டும். கரை ஏறுற வரைக்கும் நானே பார்த்துக்கறேன்."