வாப்பாவின் கடிகாரத்தில் மகனின் முகம்

சுலைமான் பாய் கைக்குட்டையை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே, சாவி கொடுத்து ஓட்டும் பழைய கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. அவருடைய வாப்பா கடைசிவரை கட்டியிருந்தது.

“டீச்சர், இந்தக் கண்ணாடியை இனிமேல் எதை வச்சுத் துடைக்கிறது?”

காந்திமதி நகைக்கடைகளுக்காகத் தம் வீட்டு மாடியறையில் படம் எடுப்பவர். சுலைமானைவிட மிகவும் இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சுலைமான் உட்படச் சிலருக்குப் படமெடுக்கக் கற்றும் கொடுத்தார்.

“ஏன் பாய், என்ன ஆச்சு?”

சுலைமான் கைபேசியை நீட்டினார். வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு, கடிகாரம் யாருக்கு என்ற வாக்குவாதத்தில் அவரும் மஸ்கட்டில் இருக்கும் தம்பி இல்யாஸும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மூத்தவர் என்ற உரிமையில் கடிகாரம் சுலைமானிடமே தங்கிவிட்டது. சென்ற வாரம் இல்யாஸ் தானாகவே இறங்கிவந்து, ஒரு படமாவது அனுப்பச் சொல்லியிருந்தான். அண்ணன் வீட்டிலேயே எடுத்து அனுப்பினார். அண்ணனைக் காக்கா என்று அழைக்கும் தம்பியின் பதில் இது:

‘வாப்பா வாட்ச்சைக் கேட்டேன் காக்கா. நீங்க உங்க மூஞ்சியை அனுப்பியிருக்கீங்க. அதுவும் விடியறதுக்கு முந்தி எழுப்பி. இங்கே மணி வேறன்னு மறந்துபோச்சா?’

காந்திமதி படத்தைப் பெரிதாக்கினார். கடிகாரத்தின் கண்ணாடி முழுக்கச் சுலைமானின் முகம். தலைக்குப் பின்னால் ஒரு டியூப்லைட்.

“தாடி நல்லா விழுந்திருக்கு பாய்.”

அவர் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை பிசகினால் அவன் கேட்கவே மாட்டான், டீச்சர். துடைச்சுத் துடைச்சுக் கை வலிக்குது.”

காந்திமதி கடிகாரத்தைத் தொடவில்லை. விளக்குகளை அணைத்தார். சன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டார். வெயில் பால்போல அறைக்குள் இறங்கியது.

“குனிஞ்சு பாருங்க. கண்ணாடியில் என்ன தெரியுது?”

“நான்தான்.”

“அது அழுக்கு இல்லையே பாய். எதிரே நிற்கிறதை அது காட்டுது.”

கறுப்புச் சார்ட் அட்டை ஒன்றின் நடுவே சிறு துளை போட்டு அவர் கையில் கொடுத்தார். “இதுக்குப் பின்னால் நில்லுங்க. துளை வழியா எடுங்க.”

சுலைமான் அட்டைக்குப் பின்னால் மறைந்துகொண்டு எடுத்தார். படத்தில் அவர் இல்லை. வெளுத்த முகப்பும், மெலிந்த முட்களும், நாலாம் எண்ணருகே கண்ணாடியில் ஒரு கீறலும் இருந்தன. வெகுநேரம் அதையே பார்த்தார்.

“இந்தக் கீறலை அழிச்சிடலாமா, டீச்சர்?”

“யார் போட்டது?”

“அவன்தான். சின்னப் பையனா இருந்தப்போ வாசல்படியில் தேய்ச்சிட்டான். வாப்பா திட்டவே இல்லை. எனக்குத்தான் ஆத்திரம்.”

காந்திமதி ஒரு வெள்ளை அட்டையை எடுத்துக் கடிகாரத்தின் பக்கவாட்டில் சாய்த்து வைத்தார். கீறல் வெள்ளி இழைபோல மின்னியது.

சுலைமான் கடிகாரத்தின் முட்களைக் காட்டினார்.

“முள்ளைப் பத்து பத்தில் வச்சிடட்டுமா? விளம்பரத்தில் எல்லாம் அப்படித்தானே இருக்கும்?”

“விளம்பரம் ஊரே பார்க்கிறதுக்கு. இதைப் பார்க்கப்போறது யாரு?”

“இல்யாஸ் மட்டும்தான்.”

“அவருக்கு இப்போ மணி என்ன, பாய்?”

சுவர்க்கடிகாரம் பதினொன்றரை காட்டியது. கைக்கடிகாரமும் அதையே காட்டியது.

மஸ்கட் ஒன்றரை மணி நேரம் பின்னே என்று சுலைமான் விரல் மடக்கிக் கணக்கிட்டார். கடிகாரத்தின் சாவிக் குமிழை நகத்தால் மெல்ல வெளியே இழுத்து, முட்களைப் பத்து மணிக்குப் பின்னோக்கித் திருப்பினார்.