மூன்று வீட்டுக்கும் ஒரே தாய்மாமன்

நான் சொல்வதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே விழட்டும்.

வடக்கே, பனி கொட்டும் சீமையில், ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் என்று மூன்று மொழிகள் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடித்தனம் நடத்தினார்கள். உடன்பிறந்த அக்கா தங்கைகள். மூவருக்கும் ஒரே தம்பி, ஒரு சொல். பெயர் ஹாஸ்டிக். நம் பேச்சில் 'அவசரமான' என்று அர்த்தம். அவன் ஒட்டிக்கொண்டால் நத்தைகூட ஓடும்.

மூன்று வீட்டிலும் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா?

"தம்பி, காதுகுத்து வச்சிருக்கோம்..." என்று ஆரம்பித்தாள் ஜெர்மன்.

"வந்துட்டேன்க்கா!"

"என்னிக்குன்னு கேளேன்டா!"

கேட்க அவன் அங்கே இல்லை. மற்ற இரண்டு அக்காக்களுக்கும் அதே வாக்குத்தான்.

மூன்றும் ஒரே வெள்ளிக்கிழமை. பத்து மணியோடு முகூர்த்தம் முடிகிறது. விட்டால் அடுத்த வருஷம்தான்.

அன்று ஹாஸ்டிக் ஜெர்மன் வீட்டில் பிள்ளையை மடியில் வைத்தான். ஆசாரி ஊசியை எடுப்பதற்குள், "ஐயோ, நடு அக்கா!" என்று ஓடினான். பிள்ளை இடுப்பிலேயே இருந்தது. அதை டச்சு வீட்டில் இறக்கிவிட்டு அவள் பிள்ளையைத் தூக்கினான். "ஐயோ, சின்னக்கா!" அதுவும் இடுப்போடு போயிற்று. கடைசியில் சுவீடிஷ் பிள்ளையோடு ஜெர்மன் வீட்டிலேயே வந்து நின்றான்.

"டேய், இது என் பிள்ளையா? மூக்கைப் பாருடா!"

பத்துக்கு இன்னும் ஐந்தே நிமிஷம். ஆளுக்கொரு மாற்றுப் பிள்ளையோடு மூன்று அக்காக்களும் நடுத்தெருவில் முட்டிக்கொண்டார்கள். பின்னாலேயே ஜெர்மன் வீட்டு ஆசாரி.

"எல்லாம் உன் தம்பியாலதான்டி!"

"உனக்கு மட்டும் அவன் என்ன, கொழுந்தனா?"

"சண்டையை அப்புறம் வச்சுக்குங்கம்மா. மூணையும் ஒரே மடியில உட்கார வைங்க" என்றார் ஆசாரி.

அக்காக்கள் தம்பியின் தோளை அமுக்கிப் பிடித்தார்கள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவன் ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தான். ஆறு காதும் குத்தியாயிற்று. பிள்ளைகளைவிட அவன்தான் அதிகம் அழுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "நான் என்னிக்குன்னு கேட்கலை, சரி. நீங்க மூணு பேரும் ஒருத்தியை ஒருத்தி கேட்டீங்களா?"

மூவரும் பழி போட வேறு ஆள் தேடினார்கள்.

"அப்போ பஞ்சாங்கத்தைப் புரட்டாமலே மூணு பேருக்கும் வெள்ளிக்கிழமைன்னு குறிச்சுக் கொடுத்தானே, அந்த ஜோசியக் கிழவன் எங்கே?" என்று ஒன்றாகச் செருப்பைக் கழற்றினார்கள். இன்னும் தேடுகிறார்களாம்.

கேட்டதோடு விட்டுவிடுங்கள். சொன்னது யாரென்று மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள். நாள் குறித்த அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் அவசரம்.