உலக்கைச் சத்தத்தில் தூங்கும் அரசர்

முன்பொரு காலத்தில், பேர் மறந்துபோன ஒரு நாட்டில், அன்று காலை சபையில் இருந்தவர்கள்: சாப்பிட மறுத்துவிட்ட அரசர், தலைமை மந்திரி திருமேனிநாதர், அவர் தலையாட்டினால் தாங்களும் ஆட்டும் மற்ற மந்திரிமார், எல்லோருக்கும் பின்னால், தூணில் சாய்ந்தபடி விகடன் வேடியன். இல்லாதவர்கள், நாட்டில் மீதிப் பேர். அவர்களுக்கு வேலை இருந்தது.

அரசருக்கு உலக்கைச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும். அவர் கண்ணயரும் வரை அரண்மனைக் கொட்டிலில் நெல் குத்தும் சத்தம் நிற்கக் கூடாது என்று சபை சட்டம் போட்டிருந்தது. குத்துகிற பெண்களைப் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு விடுங்கள், பிள்ளைகள் தாய் முகம் பார்க்காமலே தூங்குகின்றன என்று வேடியன் கேட்டுப் பார்த்தான். சபை சிரித்தது. விகடன் பேசினால் சிரிப்பதுதானே வழக்கம்.

அந்தச் சத்தத்தில் கண்ணயர்ந்த அரசருக்கு முந்தின இரவு ஒரு கனவு வந்திருந்தது.

"ஒரு குடிசை, வேடியா. கூரை வழியாக நிலா ஒழுகிக்கொண்டிருந்தது. உழைக்கிற குடும்பம். அப்பன், ஆத்தாள், பிள்ளைகள் எல்லோரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். எனக்கும் ஒரு வாய் தந்தார்கள். விழித்த பிறகு எந்தச் சோறும் இறங்கவில்லை. அப்படி ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்தால்தான் இனி உண்பேன்."

திருமேனிநாதரின் மீசை அசைந்தது. "பிரபு, இதற்கு வேடியனே தகுந்தவன். இன்று இரவுக்குள் காட்டட்டும். தவறினால் நாடு கடத்துவோம். ஆனால் சட்டப்படி உலக்கைச் சத்தம் நிற்கக் கூடாது. கோட்டைச் சுவரில் காவல் தீவட்டியும் அணையக் கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர். பசியில் அவரால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

வேடியன் கொட்டிலுக்குப் போனான். வெயிலில் உமித்தூசி பொன்னாக மிதந்தது. குத்துகிற பெண்களில் ஒருத்தியான சடைச்சி நின்றபடியே தூங்கிக்கொண்டு குத்தினாள். உலக்கை மட்டும் குறி தவறவில்லை.

"சடைச்சி, உன் வீட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டது எப்போ?"

"ஏன் சாமி வயித்தெரிச்சலக் கிளப்புற? எங்க வீட்டுக்காரரு ராத்திரி சுவர்ல தீவட்டி பிடிச்சிட்டு, விடிஞ்சு வந்து தூங்குவாரு. அப்ப நான் இங்க இருப்பேன். நான் போறப்ப அவரு அங்க இருப்பாரு. புள்ளைங்களத் தூக்கத்துலதான் பாக்குறேன்."

வேடியனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாடு முழுக்கத் தேடினாலும் அரசரின் கனவு கிடைக்காது. அதை நடக்கவிடாததே அரண்மனைதான். சட்டத்தை மனத்துக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான். சத்தம் நிற்கக் கூடாது. யார் குத்த வேண்டும் என்று அதில் இல்லை.

மாலையில் மந்திரிமாரைக் கொட்டிலுக்கு அழைத்து, ஆளுக்கொரு உலக்கை நீட்டினான்.

"இதென்ன அக்கிரமம்!" என்றார் திருமேனிநாதர்.

"சத்தம் நின்றால் சட்டத்தை மீறியவர் நீங்கள், மந்திரியாரே. இந்தப் பெண்களை வீட்டுக்கு விடாவிட்டால் அரசரைப் பட்டினி போட்டவரும் நீங்களே. எது வசதி?"

அவர் உலக்கையை வாங்கிக்கொண்டார். இளைய மந்திரி ஒருவர் தீவட்டியோடு சுவரேறினார்.

சடைச்சியின் குடிசையில் அரசர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கூரை வழியாக நிலா நிஜமாகவே ஒழுகியது. சடைச்சி கூழ் ஊற்றினாள். அவள் கணவன் ஆண்டி வந்து எதிரே உட்கார, சின்னவள் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"ஏ அம்மா! அப்பாவுக்குக் கண்ணு இருக்கு!"

தூங்குகிற அப்பனை மட்டுமே பார்த்து வளர்ந்தவள். யாரும் சிரிக்கவில்லை. ஆண்டி தலையைக் குனிந்துகொண்டான். அரசரின் கை சட்டிக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"கனவில் இந்தப் பிள்ளை இதைச் சொல்லவில்லை" என்றார் மெதுவாக.

தூரத்தில் உலக்கை ஒலித்தது. தொம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. தொம். யாரோ "ஐயோ, கால்!" என்றார்கள்.

"யாரது குத்துவது?"

"சட்டம் போட்டவர்கள்தான், பிரபு" என்றான் வாசலில் நின்ற வேடியன்.

அரசர் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சட்டி காலியாகும் வரை குடித்தார்.

மறுநாள் சபையில், பொழுது சாய்ந்தால் கொட்டில் மூடப்படும், சுவர்க் காவலுக்கு முறை மாற்றி ஆள் போகும் என்று அரசர் சொல்லி முடிக்குமுன் மந்திரிமாரின் கொப்புளம் போட்ட கைகளெல்லாம் சம்மதமாக உயர்ந்தன.

"ஆனால் தங்கள் உறக்கம், பிரபு?" என்று முனகினார் திருமேனிநாதர்.

"நீர் என் கட்டிலருகே அமர்ந்து வரிவிதிப்பைப் பற்றிப் பேசும். உடனே தூங்கிவிடுவேன்."

வேடியனுக்கு என்ன வேண்டும் என்று அரசர் கேட்டார்.

"கொட்டில் சாவி, பிரபு. சபை மனம் மாறினாலும் சாவி என்னிடம் இருக்கும்."

அன்று பொழுது சாய்ந்தது. எல்லோரும் போன பிறகு சடைச்சி வாசலைத் தாண்டி வந்து நின்றாள். கொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நெசமாவே போகலாமா சாமி?"

"போம்மா. புள்ளைங்க தூங்கிடப் போகுது."

அவள் ஓடினாள். அவளுக்குப் பின்னால் வேடியன் கதவைச் சாத்திப் பூட்டினான்.