உறுமாத சிறுத்தை

கொண்டையன் என்ற கரிச்சான் குருவிக்கு வராத குரலே காட்டில் கிடையாது. செந்நாய் போல விசிலடிக்கும். புலி போல உறுமும். காட்டுப்பன்றி போலச் செருமினால், நிஜப் பன்றியே வந்து யாரது என்று பார்த்துவிட்டுப் போகும். உடம்பு என்னவோ ஒரு கைப்பிடிதான்.

அந்த வருஷம் ஓடைக்கரைப் புள்ளிமான்களுக்கு ஒரே சமயத்தில் ஏழு குட்டிகள் பிறந்தன. தாய்மான்களுக்கு மேயவே நேரமில்லை. அடிக்கு ஒரு தரம் நின்று, காதைத் திருப்பி, மூக்கைத் தூக்கி, குட்டியும் அதைப் பார்த்துச் செய்கிறதா என்று கவனிக்க வேண்டியிருந்தது.

கொண்டையன் அவற்றிடம் போய், குட்டிகளைத் தன்னிடம் விட்டால் பத்தே நாளில் எந்த மிருகத்திடமிருந்தும் தப்பி ஓடப் பழக்கிவிடுவதாகச் சொன்னது. தாய்மான்கள் யோசிக்கவேயில்லை. குட்டிகளை நெல்லி மரத்தடியில் விட்டுவிட்டு, ஓடைக்கு அக்கரை போய் நிம்மதியாக மேய்ந்தன.

பாடம் எளிது. கொண்டையன் மரத்தில் உட்கார்ந்து சிறுத்தை போல உறுமும். உறுமல் எந்தப் பக்கம் கேட்கிறதோ, அந்தப் பக்கம் முதுகைக் காட்டி ஓட வேண்டும். முதலில் ஓடுகிற குட்டிக்கு ஒரு நெல்லிக்காய் விழும்.

துள்ளி என்ற பெண்குட்டிதான் தினமும் முதல். மருளன் என்ற ஆண்குட்டி தினமும் கடைசி. அது காற்றை மோந்து பார்த்துக்கொண்டு நிற்கும்.

"டேய், நீ மோந்து முடிக்கிற வரைக்கும் சிறுத்தை காத்துக்கிட்டு இருக்குமாடா?"

மருளனின் அம்மா குரலிலேயே கொண்டையன் திட்டும். மற்ற ஆறும் விழுந்து விழுந்து சிரிக்கும்.

பத்தாம் நாள் கொண்டையனின் உறுமல் அத்தனை அசலாக இருந்தது. மலைச்சரிவில் படுத்திருந்த உண்மையான சிறுத்தை அதைக் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தது. தன் இடத்தில் இன்னொரு சிறுத்தையா! வந்தவனை விரட்டியே தீருவது என்று புல்லுக்குள் வயிறு உரச இறங்கி வந்தது. வந்து பார்த்தால் வேறு சிறுத்தையைக் காணோம். ஏழு மான்குட்டிகள். பக்கத்தில் ஒரு பெரிய மான்கூட இல்லை.

சண்டை மறந்துபோனது. புல்லை விலக்கிக்கொண்டு காலெடுத்து வைத்தது. துளிச் சத்தமில்லை.

ஏழு குட்டிகளும் அதைப் பார்த்தன. ஒன்றுகூட ஓடவில்லை.

"மாமா, நீங்க யாரு?" என்று கேட்டது துள்ளி.

சிறுத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறந்ததிலிருந்து எந்த மானும் அதை நிறுத்தி விசாரித்ததில்லை. எடுத்த கால் அந்தரத்தில் நின்றது.

"சி... சிறுத்தை."

துள்ளி அதை மேலும் கீழும் பார்த்தது. "சும்மா சொல்லாதீங்க. நீங்க உறுமவே இல்லையே?"

மருளன் மட்டும் இரண்டடி பின்னால் போய், இந்த வாடை சரியில்லை என்று முனகியது. வாடைக்கெல்லாம் நெல்லிக்காய் கிடையாது என்று மற்றவை கேலி செய்தன.

மரத்தின் மேல் கொண்டையன் கிளைக்குக் கிளை தாவியது. ஓடச் சொல்ல வேண்டும். எந்தக் குரலில் சொல்வது? பத்து நாளாகப் பழகிய குரல்தான் வாயில் வந்தது. உறுமியது.

குட்டிகள் பறந்தன. அடேயப்பா, என்ன வேகம்! நெல்லி மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே, நேராகச் சிறுத்தையை நோக்கி. வழக்கம்போல் துள்ளிதான் முதலில்.

கொண்டையன் கதறியது. அது அதன் சொந்தக் குரல். அந்தக் குரலைக் குட்டிகள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்றும் நிற்கவில்லை.

சிறுத்தை முன்காலை வீசியது. நகம் துள்ளியின் தொடையைக் கிழித்தது. துள்ளி உருண்டு விழுந்தது.

அதற்குள் கொண்டையன் எல்லோர் தலைக்கும் மேலாகப் பாய்ந்து, சிறுத்தைக்குப் பின்னாலிருந்த புதரில் விழுந்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து உறுமியது. தான் தேடி வந்த எதிரி முதுகுக்குப் பின்னால் நிற்கிறான் என்று சிறுத்தை சுழன்று திரும்பியது. உறுமல் இடம் மாறியதும் குட்டிகளும் சடாரென்று திரும்பி ஓடின. துள்ளி மூன்று காலில் நொண்டியது. மருளன் அதைப் பின்னாலிருந்து முட்டி முட்டித் தள்ளியது. ஏழும் ஓடையில் விழுந்து அக்கரை சேர்ந்தன.

சிறுத்தை புதருக்குள் மூக்கை நுழைத்தது. உள்ளே ஒரு கறுப்புக் குருவி நடுங்கிக்கொண்டிருந்தது.

"நீயா?"

கொண்டையன் வாயைத் திறந்தது. எந்தக் குரலும் வரவில்லை. பறந்துவிட்டது.

அக்கரையில் துள்ளியின் அம்மா காயத்தை நக்கிக்கொண்டே, கண்ணெதிரில் சிறுத்தையைப் பார்த்தும் ஏன் நின்றாய் என்று அதட்டியது.

"அது பாடத்துல வந்த மாதிரி வரலையேம்மா" என்று துள்ளி அழுதது.

அம்மா நக்குவதை நிறுத்திவிட்டது. பத்து நாளாக இந்தப் பக்கம் நின்று, தலை நிமிராமல் மேய்ந்தது அதுதானே. அண்ணாந்து பார்த்தது. கொண்டையன் கிளையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. திட்டுவதற்கு வாயெடுத்த அம்மா, திட்டாமல் மகளை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு தாய்மானோடும் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டு மேய்ந்தது. துள்ளியின் காயம் ஆறியது. நொண்டல் மட்டும் ஆறவில்லை.

ஆபத்துக்கு ஒரே முகம்தான் என்று பழகிவிட்டவர், அது வேறு முகத்தோடு எதிரில் வந்து நிற்கும்போது ஓட மறந்துவிடுவார்.