மைனா கட்டிய சொல்

தாமரைக் குளத்தை ஒட்டிய காட்டில் வித்தகன் என்று ஒரு மைனா இருந்தான். வாயை மூடினால் உடம்புக்கு ஆகாது என்கிற ரகம்.

அந்தக் காட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. மழை பொய்த்த வருஷத்தில் எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த மிருகங்களும் பறவைகளும்தான் அங்கே இருந்தன. ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குப் புரியாது. மான் "ஓடு" என்று கத்தினால் மயில் பாராட்டு என்று நினைத்துத் தோகை விரிக்கும். இப்படியே போனால் உருப்பட முடியாது என்று எல்லாரும் கூடி ஓர் அகராதி செய்தார்கள். யார் வேண்டுமானாலும் மருதமரத்துக்கு வந்து ஒரு சொல்லையும் அதன் பொருளையும் சொல்லலாம். அங்கே குடியிருக்கும் கிளிகள் மனப்பாடம் செய்துகொள்ளும். எவர் வந்து கேட்டாலும் ஒப்பிக்கும்.

கட்டுப்பாடு பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு பேர் வாயில் புழங்குகிற சொல்லாக இருக்க வேண்டும். அடுத்தவர் சேர்த்ததை அகராதியிலிருந்து எடுப்பதானால் அவரைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

நம்ம வித்தகனுக்கு அது போதவில்லை. தானே சொல் கட்டினான். கட்டிய கையோடு கொண்டுபோய்ச் சேர்த்தான். "இது வித்தகன் தந்தது" என்று கிளிகள் ஒப்பிக்கும்போது அவனுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

ஒரு நாள் பாம்பின்மேல் கண் வைத்தான். பாம்பைக் கண்டால் "கிச் கிச் கிச்" என்று கத்த வேண்டும் என்பது அணில் கொறியம்மா சொல்லிவைத்தது. காட்டில் குஞ்சு குளுவானுக்கெல்லாம் அது அத்துப்படி.

"இதெல்லாம் ஒரு சொல்லா? பல்லிடுக்கில் கொட்டை மாட்டின மாதிரி இருக்கு. எடுத்துட்டு 'நெடுநெளிவேந்தன்'னு போடுங்க" என்றான் வித்தகன்.

யார் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு கிளி கேட்டுப் பார்த்தது. நான் சொல்கிறேனே, போதாதா என்று அவன் பிடித்த பிடியில் நின்றான். அவன் வாயோடு மல்லுக்கு நிற்க யாரால் முடியும்? கிளிகள் மாற்றிக்கொண்டன.

விஷயம் கொறியம்மா காதுக்குப் போயிற்று. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி" என்றாள். உங்களுக்கு அழகு புரியாது அக்கா என்று சொல்லிவிட்டு அவன் பறந்தே போய்விட்டான். அதோடு விட்டானா? பொந்தில் இருந்த தன் ஒரே மகள் பவளத்துக்கு அந்தப் புதுச் சொல்லை மட்டும் உருப்போடக் கற்றுக்கொடுத்தான். பாவம், அவளுக்கு இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை.

ஒரு காலையில் வித்தகனும் பெண்டாட்டியும் இரை தேடப் போயிருந்தார்கள். ஒரு சாரைப்பாம்பு சத்தமில்லாமல் பொந்து இருந்த மரத்தில் ஏறியது.

பவளம் பார்த்துவிட்டாள். "நெடுநெளிவேந்தன்! நெடுநெளிவேந்தன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கீழே தவிட்டுக்குருவிகள் மேய்ந்துகொண்டிருந்தன. யாரோ ராஜாவைப் பற்றிப் பாட்டு போலிருக்கிறது என்று பேசிக்கொண்டன. மயில் தாளத்துக்குத் தலையாட்டியது. பக்கத்து மரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கொறியம்மா, அப்பன் பெருமையைப் பிள்ளை பாடுகிறது என்று கொட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் அசையவில்லை.

குளக்கரையில் வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டிருந்த வித்தகன் காதிலும் அது விழுந்தது. முதலில் அவனுக்குப் பெருமைதான். என் பிள்ளை என் சொல்லைச் சொல்கிறாள் என்று பூரித்தான். பிறகுதான் அந்தக் குரல் நடுங்குவது உறைத்தது. அலகிலிருந்து வெட்டுக்கிளி நழுவி விழுந்தது.

அடித்துப் பிடித்துப் பறந்தான். பாம்பின் தலை பொந்தின் வாயில் இருந்தது. "நெடுநெளி..." என்று ஆரம்பித்தான். அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் பாம்பு இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. இது யாருக்குப் புரியப்போகிறது என்று பாதியிலேயே நிறுத்தினான். மானம், கௌரவம் எல்லாவற்றையும் காற்றில் விட்டான்.

"கிச் கிச் கிச்! கிச் கிச் கிச்!"

காடே எழுந்தது. கொறியம்மா ஒரே தாவாகத் தாவி வந்து பாம்பின் வாலைக் கடித்தாள். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கொத்தித் தள்ளின. பாம்பு பிடி விட்டுத் தொப்பென்று விழுந்து, போதுமடா சாமி என்று புதருக்குள் ஓடியது.

வித்தகன் மகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். கொறியம்மா அவனை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மட்டும் கேட்டாள்.

அன்றே அவன் மருதமரத்துக்குப் போனான். "அக்கா சொன்னதைப் பழையபடி போட்டுடுங்க. என்னுதை எடுத்துடுங்க" என்றான்.

"எடுக்கலாம்தான். ஆனா, சேர்த்தவரைக் கேட்காம எடுக்கக் கூடாதே" என்றது குறும்புக்காரக் கிளி ஒன்று.

வித்தகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கேட்டாச்சு, அவன் சரின்னுட்டான்" என்றான். வீட்டுக்குப் போனதும் மகளுக்குக் "கிச் கிச் கிச்" கற்றுக்கொடுத்தான்.

ஊருக்குப் பொதுவானதைத் தன் பெருமைக்காக மாற்றுகிறவன், ஆபத்து வரும்போது தன் பிள்ளைக்கே உதவி இல்லாமல் செய்துவிடுவான்.